பூட்டின அறையோட ஒரு டூப்ளெக்ஸ் விற்பனைக்கு

கண்ணு,

உன்ற டூப்ளெக்ஸ் ஊட்டுல இருந்த வரைக்கும் அந்த உள் மாடிப்படியில நான் நடந்து இறங்கினதே இல்லை. உக்காந்து உக்காந்துதான் இறங்கினேன். ஏறும்போது மகாராணியாட்டம் உனக்கு டீ எடுத்துக்கிட்டு ஏறிருவேன். இறங்கும்போது நீ ரூம் கதவைச் சாத்தியிருக்கியான்னு ஒரு பார்வை, கீழ யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு பார்வை, அப்புறம் சேலையைச் சுருட்டிக்கிட்டு ஒவ்வொரு படியா பின்பக்கத்தை வெச்சு வெச்சு வந்து சேருவேன். கிளியூர்ச் சரிவுல மழை நேரத்துல செருப்பில்லாம விறகுக் கட்டோட இறங்கினவ நான். ஆனா அந்தப் பளபளக் கல்லும், கைப்பிடி இருக்க வேண்டிய எடத்துல கண்ணாடியும் பார்த்தா காலு வராது. இது உங்கப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும். கீழ் ரூம் கட்டில்ல சாஞ்சு பார்க்கற அவருக்கு அது ஒரு சினிமா. "வருது வருது, ஏற்காடு பஸ்ஸு. ஏம்புள்ள, ஏறறப்ப நல்லாத்தான ஏறுன, எறங்கறப்ப எதுக்கு நியூட்ரல்ல வர்ற?"ம்பாரு. "பேசாம இருங்க, பையன் காதுல உழுகும்"னு நான் சொல்லுவேன். உழுகாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். நீ காதுல அந்த ஹெட்போன் பட்டையை மாட்டிக்கிட்டு ஆபீஸ்காரங்களோட இங்கிலீஷ் பேசிக்கிட்டு இருப்ப.

போன்ல சொல்ல வேண்டியதை எதுக்கு எழுதறேன்னு கேப்ப. போன்ல நீ ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறது இல்லை. நானும் போனை எடுத்தா எதையாச்சும் கேலி பண்ணிச் சிரிச்சு, சொல்ல வந்ததை விட்டுட்டு வெச்சிருவேன். இன்னைக்கு நான் சமைக்கற ஏற்காடு லாட்ஜுல ஆளில்லை. மழை. ஏரியில படகு விடலை. அடுப்பை அணைச்சுட்டு சமையக்கட்டு மேடையிலயே பேப்பரை வெச்சு எழுதறேன். எண்ணெய்க் கறை இருந்தா அது அழுதது இல்லை, பஜ்ஜி.

நீ இங்கிலீஷ் எழுத்துல அனுப்பின மெசேஜை ரிசப்ஷன் பொண்ணுகிட்ட காட்டி மறுபடியும் ஒருக்கா படிக்கச் சொன்னேன். "கீழ் ரூம் சாவியை கூரியர்ல அனுப்பும்மா. ஞாயித்துக்கிழமை பார்ட்டி வர்றாங்க, அந்த ரூமையும் பாக்கணும்ங்கறாங்க. சாவி வரலைன்னா பூட்டுக்காரனை வெச்சு ஒடைச்சுக்கிறேன்." அவ்வளவுதான். சாப்பிட்டியான்னு கூட இல்லை. அப்புறம் அந்தப் பொண்ணே போன்ல தேடி, ஊட்டை விக்கறதுக்கு நீ போட்ட வெளம்பரத்தையும் எடுத்துப் படிச்சுக் காட்டினா. பெங்களூரு நட்ட நடுவுல ரெண்டு அடுக்கு பிளாட். கீழ ஹாலு, சமையக்கட்டு, ஒரு அறை. மேல ரெண்டு அறை, பால்கனி. நடந்து போற தூரத்துல கோயில், மசூதி, சர்ச்சு, மார்க்கெட், மெட்ரோ. எல்லா மொழிக்காரங்களும் கலந்து வாழற, எப்பவும் கலகலப்பா இருக்கற தெரு. கேட்டதும் எனக்கே வாங்கிப் போடலாம்னு தோணுச்சு. எல்லாம் நெசம்தான். கீழ அறையை உங்கப்பா செத்த அன்னைக்குப் பூட்டினோம், இன்னும் தொறக்கலைங்கறது மட்டும் அதுல இல்லை.

எல்லாத்தையும் ஒரு தடவை மொதல்ல இருந்து சொல்லிடறேன், கண்ணு. நாம ரெண்டு பேரும் இதை வாய் விட்டுப் பேசினதே கிடையாது. உங்கப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப நீதான் எங்களை அங்க கூட்டிக்கிட்டுப் போன. மலைக்குளிரு ஆகாது, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கும்ன. படி ஏறக்கூடாதுன்னு கீழ அறையை அவருக்குக் குடுத்த. அவருக்கு அது நொம்ப பிடிச்சிருந்தது. முப்பது வருசம் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் டாக்ஸி ஜீப் ஓட்டின மனுசன், உன்ற ஊட்டு ஜன்னல்ல உக்காந்து தெருவுல போற அத்தனை வண்டிக்கும் கிளாஸ் எடுத்தாரு. "அவன் பாரு, ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டுப் போறான். பாவம் அந்த இன்ஜினு." ஒரு பக்கம் மசூதிப் பாங்கு, இன்னொரு பக்கம் அம்மன் கோயில் மைக்கு, நடுவுல பழவண்டிக்காரன் கத்தறது. "நம்மூருல ஒரு வருசத்துல கேக்கற சத்தத்தை இங்க ஒரு மணி நேரத்துல கேட்டுட்டேன்"னு சந்தோசமாச் சொல்லுவாரு.

அன்னைக்குக் காலையில நீ மேல மீட்டிங்ல இருந்த. நான் கீழ தெருவுல மொச்சைக்காய் வாங்கப் போனேன். அந்தக் காய்க்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் தெரியாது. அவ விலை சொல்ல, நான் கையை ஆட்ட, பக்கத்துல நின்ன பர்தா போட்ட பொண்ணு ரெண்டு பேருக்கும் உருதுல பஞ்சாயத்துப் பண்ண, மூணு பேரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சோம். திரும்பி வந்தா கீழ அறையில கதவோரம் அவரு விழுந்து கெடக்கறாரு. கைக்கு எட்டற தூரத்துல தண்ணிச் சொம்பு உருண்டு கெடக்குது. நான் கத்தினது உனக்குக் கேக்கலை. உக்காந்து இறங்கற அந்தப் படியில அன்னைக்கு எப்படி ஏறினேன், எப்படி இறங்கினேன்னு எனக்கு நெனப்பில்லை. உன்ற காதுல இருந்து அந்தப் பட்டையை நான்தான் புடுங்கினேன்.

அப்புறம் துக்கம் கேக்க பக்கத்து ஊட்டுத் தெலுங்குக்காரரு வந்தாரில்ல. நல்ல மனுசன். நாம ரெண்டு பேரும் இருக்கறப்பதான் சொன்னாரு. "சொவத்துல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சும்மா. கொஞ்ச நேரம் கேட்டுச்சு. படம் மாட்ட ஆணி அடிக்கறீங்கன்னு நெனச்சுட்டேன்." சொல்லிட்டு அவரே தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் உன்ற மூஞ்சியைப் பார்த்தேன். சொம்பை வெச்சு சொவத்துல தட்டியிருக்காரு. சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கேட்டது, தலைக்கு மேல இருந்த மகனுக்குக் கேக்கலை. அந்த நிமிசத்துக்கு அப்புறம் நீ என்கிட்ட சரியாப் பேசினதில்லை. அதுதான் நெசம், இல்லையா சாமி?

அவரை ஆம்புலன்ஸுல ஏற்காட்டுக்குக் கொண்டு வந்தோம். அந்த டிரைவரு கொண்டை ஊசி வளைவுல பிரேக்கு மேல பிரேக்கா போட்டாரு. பின்னாடி படுத்திருக்கறவரு எந்திரிச்சு உக்காந்து "தம்பி, கியரைக் குறைங்க"ன்னு சொல்லிருவாரோன்னு நான் பார்த்துக்கிட்டே வந்தேன். சொல்லலை. காரியம் முடிஞ்சதும் ஜோசியரு, செத்த நேரம் சதய நட்சத்திரம், அடைப்பு இருக்குது, உசிரு போன எடத்தை ஆறு மாசம் மூடி வெக்கணும், வாசல்ல தெனமும் வெளக்கேத்தணும்னாரு. நம்மூரா இருந்தா மொத்த ஊட்டையும் பூட்டிட்டு பக்கத்துல எங்கியாச்சும் இருந்துக்குவாங்க. "பிளாட்டுல எப்படீங்க மூடறது?"ன்னு நீ கேட்ட. "அந்த ஒரு அறையை மட்டும் மூடுங்க போதும்"னாரு. அறையைத்தான் கெளம்பற அவசரத்துல நீ ஏற்கெனவே பூட்டியிருந்தியே. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம். நாம பண்ணின தப்பு அங்கதான் இருக்குது. அடைப்புன்னா கழுவித் தொடச்சு, துணிமணியை எடுத்துப் போட்டுட்டு மூடறது. நாம எதையும் எடுக்கலை. கசங்கின போர்வை அப்படியே, ஆணியில சட்டை அப்படியே, கண்ணாடி, மாத்திரை, அந்தச் சொம்பு உருண்ட எடத்துலயே. உள்ள போறதுக்குப் பயந்த ரெண்டு பேருக்கு ஒரு சாஸ்திரம் கெடச்சுது, புடிச்சுக்கிட்டோம். பெங்களூருக்குத் திரும்பினதும் சாவியை நீ என் கையில குடுத்துட்டு அன்னைக்கே ஆபீஸ் பக்கத்துல ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்ட.

கொஞ்ச நாள் நான் மட்டும் அங்க இருந்து வெளக்கேத்திக்கிட்டு, புரோக்கரு கூட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு ஊட்டைக் காட்டினேன். அதைப் பத்தி உன்கிட்ட ஒழுங்கா ஒத்துக்கணும். புரோக்கரு என்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தாரு: "அது ஸ்டோர் ரூம்னு சொல்லிருங்கம்மா. சாமான் அடைச்சிருக்கு, ஓனர் சாவி கொண்டு போயிட்டார்னு சொல்லுங்க. வெளக்கை நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிருங்க." சரீங்கன்னேன். மார்வாடி குடும்பம் வந்தது, ஸ்டோர்ன்னேன். வங்காளத்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தாங்க, கையைக் காட்டி ஸ்டோர் ஸ்டோர்ன்னேன். பொய் சொல்லச் சொல்ல எனக்கு நல்லா வந்துச்சு. அப்புறம் அந்த வேலூர்ப் பொண்ணு வந்துச்சு, புருசனோட. ஏழு மாச வயிறு. எல்லாத்தையும் சுத்திப் பார்த்துட்டு அந்தப் பூட்டின கதவு முன்னாடி வந்து நின்னுச்சு.

"இதுங்கம்மா?"

"ஸ்டோருங்க கண்ணு."

"ஜன்னல் எந்தப் பக்கம்? தெருப் பக்கமா?"

"ஆமாங்க, தெருவு நல்லாத் தெரியும்."

அது புருசனைத் திரும்பிப் பார்த்து, கதவு மேல கையை வெச்சுக்கிட்டு, "ஏங்க, நமக்கு ஸ்டோர் எதுக்கு? பாப்பாவுக்கு இந்த ரூமுதாங்க. படி ஏற வேண்டியதில்லை. வேடிக்கை பாத்துக்கிட்டே வளரும்"னுச்சு.

அதுக்கு மேல என்னால முடியலை. "அம்மிணி, அது ஸ்டோரு இல்லை. எங்க ஊட்டுக்காரரு செத்த ரூமு. இன்னும் கழுவக்கூட இல்லை. நீ வாங்கறதுன்னா வாங்கிக்க, ஆனா தெரிஞ்சு வாங்கு"ன்னேன். புரோக்கரு மூஞ்சி சுட்ட கத்திரிக்காயாட்டம் ஆயிருச்சு. அந்தப் புருசன் பொண்ணு கையைப் புடிச்சு இழுத்தான். அது போகப் போகத் திரும்பி, "வேடிக்கை பாப்பாராம்மா?"ன்னு கேட்டுச்சு. "அதே வேலைதாங்க அவருக்கு"ன்னேன். அன்னைக்கு நீ போன்ல "உனக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதாம்மா? இந்த ஊட்டை வித்து முடிச்சாத்தான் நான் மூச்சு விட முடியும். அது புரியலையா உனக்கு?"ன்னு கத்தின. எனக்குப் புரிஞ்சுது கண்ணு. அதனாலதான் அடுத்த வாரமே வேலை இருக்குதுன்னு சாக்குச் சொல்லி, வெளக்கை எதிர் ஊட்டுக் கேரளத்து நர்சம்மா கிட்ட ஒப்படைச்சுட்டு மலையேறி வந்துட்டேன். அது சேசு பேரைச் சொல்லித்தான் ஏத்துமாம். "தாராளமா ஏத்துங்க, அவருக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு வந்தேன்.

இப்ப நீ கேக்கற சாவியைப் பத்தி. ஊட்டை விக்காதேன்னு சொல்லப் போறேன்னு பயப்படாதே. வித்துடு. கனடாவுல வேலை கெடச்சிருக்குது, போ. நல்லா இரு. எனக்கு அந்த ஊட்டு மேல ஆசையும் கெடையாது, கோவமும் கெடையாது. நீதான் அந்த ஊட்டு மேல பழியைப் போட்டுக்கிட்டு இருக்க. ரெண்டு அடுக்கா இருந்ததாலதான், அவ்வளவு சத்தமான தெருவுல இருந்ததாலதான், மலையிலயே விட்டிருந்தா யாராச்சும் ஓடி வந்திருப்பாங்கன்னு. போனமாசம் குடிச்சிட்டு போன் பண்ணி நீயே சொன்ன, அடுத்த நாள் மறந்துட்ட மாதிரி நடிச்ச.

மலையில ஓடி வருவாங்களா? நீ ரெண்டாவது படிக்கறப்ப உங்கப்பா ஜீப்பு பனிமூட்டத்துல வளைவுல சறுக்கி ஒரு சில்வர் ஓக் மரத்துல மாட்டி நின்னது. உனக்கு நெனப்பிருக்காது. காலு ஸ்டியரிங்குக்கு அடியில சிக்கிக்கிச்சு. ஹார்னை அழுத்தினாரு, பேட்டரி சாகற வரைக்கும் அழுத்தினாரு. மேல ரோட்டுல வண்டி போய்க்கிட்டுத்தான் இருந்தது. ஒருத்தரும் நிக்கலை. அப்புறம் ஒரு பஸ்காரரு டயர்த் தடத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தாரு. ஆஸ்பத்திரியில கட்டோட படுத்துக்கிட்டு இவரு சிரிக்கறாரு: "வளைவுல ஹார்ன் அடிச்சா எதுக்க வண்டி வருதுன்னு ஒதுங்கித்தான் போவாங்க. நானே அப்படித்தான் போயிருப்பேன். அவங்களை எப்படிக் குத்தம் சொல்றது?" இதைச் சொன்னவரு உன்னைக் குத்தம் சொல்லுவாரா? அந்தத் தெலுங்குக்காரரைச் சொல்லுவாரா? சொவத்துல சத்தம் கேட்டா ஆணின்னுதான் நெனப்பாங்க. காதுல பட்டை இருந்தா கேக்காது. மொச்சைக்காய் வாங்கப் போனவ சிரிக்கத்தான் செய்வா. அன்னைக்கு நாம மூணு பேருமே அவங்கவங்க வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம், அதுல அவரு செத்துப் போயிட்டாரு. இதுக்கு ஆறுதல் எதுவும் என்கிட்ட கெடையாது. இருந்தா குடுத்திருப்பேன். எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. சரியாப் போகாது. ஆனா நீ அந்தக் கதவைத் தொறக்காம பிளேன் ஏறினயின்னா, எங்க போயிப் படுத்தாலும் அதுக்குக் கீழ ஒரு பூட்டின ரூமு இருக்கும். எனக்கு அந்தப் பயம்தான். ஊடு விக்குமா விக்காதாங்கறது இல்லை.

அதனால சாவியை கூரியர்ல அனுப்ப மாட்டேன். பூட்டுக்காரனையும் கூப்பிடாதே. அவன் கதவை ஒடைச்சுக்கிட்டு மொதல்ல உள்ள போயி, காலுல தட்டுப்படற சொம்பை ஒதுக்கிட்டு "இங்க வாங்க சார்"னு பார்ட்டியைக் கூப்பிடுவான். அது வேண்டாம். ஞாயித்துக்கிழமை பார்ட்டி வர்றதுக்கு முன்னாடி நான் அங்க வந்துடறேன், சாவியோட. நீ கேட்டுல நில்லு. ரெண்டு பேரும் சேர்ந்து போயித் தொறப்போம். அடைப்பு முடிய இன்னும் நாள் இருக்குதுன்னு யோசிக்காதே, அந்த சாஸ்திரத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ சொம்பை எடு. நான் போர்வையை எடுக்கறேன். அழுகை வந்தா அழு, நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். கழுவி விட்டுட்டு, தெருப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வெப்போம். அப்புறம் யாரு வேணும்னாலும் வந்து பாக்கட்டும். கேட்டா நெசத்தைச் சொல்லு. வாங்கறவங்க வாங்குவாங்க.

இவ்வளவு தைரியம் சொல்றவ நீயே போயித் தொறந்திருக்கலாமேன்னு கேப்ப. போனேன். போன வாரம் உன்கிட்டச் சொல்லாம ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்புல மொத பஸ்ஸு ஏறி, சேலத்துல மாறி, மத்தியானம் அங்க போயிச் சேர்ந்தேன். உன்னைக் கஷ்டப்படுத்தாம நானே தொறந்து சுத்தம் பண்ணிடலாம்னுதான். சாவியைப் பூட்டுல விட்டேன். கை திரும்பலை. பூட்டு நல்லாத்தான் இருந்தது, கைதான். சரி, வந்ததுக்கு வாசல்ல சாம்பிராணியாச்சும் போடலாம்னு, சமையக்கட்டுல துருவிப் போட்டிருந்த தேங்காத் தொட்டியைப் பத்த வெச்சு, கரண்டியில தணலை அள்ளி, நம்மூட்டுல போடற மாதிரி நல்லா ஒரு கை நெறையப் போட்டேன். கூரையில வெள்ளையா வட்டமா ஒண்ணு ஒட்டியிருக்குதே, அது பொகை பட்டாக் கத்தும்னு யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது கத்துச்சு. அது கத்தினதும் நடைக்கட்டுல இருக்கறது கத்துச்சு. அப்புறம் மொத்தக் கட்டடமும் கத்துச்சு. லிப்ட்டு நின்னு போச்சு. மொதல்ல ஓடி வந்து நம்ம கதவைத் தட்டினது பக்கத்து ஊட்டுத் தெலுங்குக்காரருதான், தலையில ஷாம்பூ நுரையோட, இடுப்புல துண்டோட. "வெளிய வாங்கம்மா, வெளிய வாங்க"ன்னு என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இறங்கினாரு. கீழ தெருவுல கட்டடமே நின்னுச்சு. நர்சம்மா நைட்டியில, கீழ் ஊட்டு மார்வாடிக் கெழவரு பூசைத் தட்டோட, யாரோ ரெண்டு பேரு நாயோட. அஞ்சாறு மொழியில கத்திக்கிட்டு இருந்தாங்க. பொகை வர்ற சாம்பிராணிக் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு நானும் அவங்களோட நின்னேன். மேல் மாடிக்காரரு ஒருத்தரு என் பக்கத்துல வந்து, எந்த ஊட்டுல தீன்னு தமிழ்ல கேட்டாரு. தெரியலீங்கன்னு சொன்னேன்.